மொழி எல்லையும் அரசு எல்லையும்: சோமாலியாவின் வீழ்ச்சியும் அண்டை நாடுகளும்

ஓர் அரசு நிலைகுலையும்போது அதன் விளைவுகள் எல்லைக்கோட்டோடு நின்றுவிடுவதில்லை. அவை எவ்வழியே பரவுகின்றன என்பதை அறியச் சோமாலியாவின் வரலாறு தக்க சான்றாகும்.

சோமாலி மொழி பேசுவோர் வாழ்ந்த நிலப்பரப்பைப் பிரிட்டன், இத்தாலி, பிரான்சு, எத்தியோப்பியா ஆகியவை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பங்கிட்டுக்கொண்டன. பிரிட்டானியச் சோமாலிலாந்தும் இத்தாலியப் பகுதியும் 1960இல் இணைந்து சோமாலியக் குடியரசாயின. எத்தியோப்பியாவின் ஒகாடென், கென்யாவின் வடகிழக்கு, ஜிபூட்டி ஆகிய பகுதிகள் வெளியே நின்றன. கொடியிலுள்ள விண்மீனின் ஐந்து முனைகள் இவ்வைந்து பகுதிகளையும் குறித்தன. 1972இல் சோமாலி மொழி இலத்தீன் வரிவடிவம் பெற்று ஆட்சிமொழியாயிற்று. மக்களுள் மிகப் பெரும்பாலோர்க்கு மொழியும் சமயமும் ஒன்றே. எனினும் அவ்வொருமை அரசைக் காக்கவில்லை. ஒகாடெனுக்காக நிகழ்ந்த 1977-78 போரின் தோல்வியும், குலச்சார்பு மிக்க இராணுவ ஆட்சியின் ஒடுக்குமுறையும் அரசின் அடித்தளத்தை அரித்தன. 1991 சனவரியில் சியாத் பாரே தலைநகரை விட்டு ஓடினார்.

வீழ்ச்சியின் விளைவுகள் பெரிதும் மொழியும் குலஉறவும் பரவியிருந்த தடங்கள் வழியே சென்றன. கென்யாவில் சோமாலி பேசுவோர் வாழும் வடகிழக்கில் டடாப் முகாம்கள் அமைந்தன. 90,000 பேருக்கெனத் திட்டமிடப்பட்ட அங்கு 2011இல் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்கியிருந்தனர். புலம்பெயர்ந்தோரின் முதலீட்டாலும் உழைப்பாலும் நைரோபியின் ஈஸ்ட்லி பெரும் வணிக மையமாக வளர்ந்தது. எனவே அண்டை நாட்டுக்கு நேர்ந்தது சுமை மட்டுமன்று.

ஆயுதங்களும் எல்லை கடந்தன. 2011 அக்டோபரில் கென்யப் படை சோமாலியாவுக்குள் நுழைந்தது. அல்-ஷபாப் அமைப்பு 2013இல் நைரோபி வணிக வளாகமொன்றில் 67 பேரையும், 2015இல் கரிசா பல்கலைக்கழகக் கல்லூரியில் 148 பேரையும் கொன்றது. சுற்றுலா வருவாய் குன்றியது. 2014இல் ஈஸ்ட்லியில் ஆயிரக்கணக்கானோர் பிடிக்கப்பட்டனர். அவர்களுள் சோமாலி பேசும் கென்யக் குடிமக்களும் இருந்தனர். டடாபை மூடும் அரசின் முடிவை 2017இல் உயர்நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது.

இவற்றால் பெறப்படும் கருத்து ஒன்று. ஒரு மொழி ஓர் அரசை நிலைநிறுத்திவிடுவதில்லை. ஆனால் அவ்வரசு வீழும்போது மக்களும் பொருளும் செல்லும் வழியை அது பெரிதும் வகுத்துவிடுகிறது. அவ்வழியில் வணிகரும் வருவர், வன்முறையாளரும் வருவர். இருவரையும் பிரித்தறியாது மொழியையே ஐயத்தின் அடையாளமாகக் கொள்ளும் அண்டை அரசு, தன் குடிமக்களையே அயலாராக்கிவிடுகிறது.