செத்த பாதுஷா பேரில் செல்லுபடியான ரூபாய்

"காசுக்கு மதிப்பு வெள்ளியிலேதான், நம்பிக்கையிலே இல்லே"ன்னு எதிரணித் தம்பி அடிச்சுச் சொல்லிட்டுப் போனார். அப்படின்னா வெள்ளி வெச்சிருந்த வெள்ளைக்காரன் ஏன் அடுத்தவர் பேரைப் பொறிச்சான்?

பேரிலேயே பணத்தை வெச்சிருக்கிற இந்தச் சேரப்பணஞ்சேரிக்கு மேற்கே, காஞ்சிபுரம் தாண்டினால் ஆற்காடு. நவாபின் தலைநகரம். அங்கே அடித்த வெள்ளி ரூபாயில் டில்லி பாதுஷாவின் பெயர் பாரசீக எழுத்தில் இருக்கும். சந்தையில் அந்த ரூபாய்க்குத் தனி மரியாதை. 1736இல் பிரெஞ்சுக்காரர்கள் நவாபிடம் அனுமதி வாங்கி, புதுச்சேரியில் அதே ரூபாயை அடிச்சாங்க. 1742இல் சென்னையில் ஆங்கிலக் கும்பெனியும் ஆரம்பிச்சது. அடையாளத்துக்கு அங்கே பிறை, இங்கே தாமரை. மற்றபடி அச்சு அசல் ஆற்காடு!

கூத்தைக் கேளுங்க. பாதுஷா இரண்டாம் ஆலம்கீர் 1759இல் கொலையானார். 1801இல் கர்நாடக ராஜ்யமே கும்பெனி கைக்கு வந்தாச்சு. இனி யாருக்குப் பயம்? ஆனாலும் 1807 வாக்கில், ஸ்பானிய டாலர் மேலேயே அச்சைக் குத்தி சென்னையில் இரட்டை ரூபாய் போட்டபோதும் அதே ஆலம்கீர், அதே ஹிஜ்ரி 1172!

இன்னைக்கு ஒரகடத்தில் வண்டி செய்யறது நம்ம பிள்ளைங்க, முகப்பில் வெளிநாட்டுப் பேர். அன்னைக்குக் காசு செய்தவன் வெளிநாட்டான், முகப்பில் நம்ம ஆற்காடு.

அரசர் நாலாம் வில்லியத்தின் தலை ரூபாயில் ஏறியது 1835இல். பாதுஷா செத்து 76 வருஷம் கழிச்சு!