ஐம்பது மணியில் ஐந்து மணி

மலர்க்குழு நண்பர்கள் "பழைய நாட்களைப் பற்றி ஏதாவது எழுதுங்கள்" என்றார்கள். கேண்டீன் டீயும் வராந்தா அரட்டையும் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். நான் எழுத வந்தது, நாம் படித்தபோது இல்லாத ஒரு பாடத்தின் வரலாறு. 1980-களில் பட்டம் வாங்கிய நமக்குச் சுற்றுச்சூழல் என்றொரு தாளே கிடையாது. பின்னாளில் வடலூருக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் ஆசிரியனாகி, அந்தத் தாளைப் பல ஆண்டுகள் நடத்தினேன். இப்போது படிக்கிற தம்பி தங்கைகள் அதை "அது சும்மா பாஸ் பண்ற பேப்பர் சார்" என்பார்கள். அவர்களுக்காகவும்தான் இது.

இந்தப் பாடம் எந்தப் பேராசிரியரின் யோசனையிலும் வந்ததல்ல, நீதிமன்றத்திலிருந்து வந்தது. எம்.சி. மேத்தா என்ற வழக்கறிஞர் தொடுத்த வழக்கில் 1991 நவம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சினிமாக் கொட்டகைகளில் சுற்றுச்சூழல் பற்றி ஸ்லைடு போடவேண்டும், பள்ளி கல்லூரிகளில் கட்டாயப் பாடமாக்கவேண்டும் என்றெல்லாம் அதில் உண்டு. ஸ்லைடு போடுவது சுலபம். பாடம் வர இன்னும் பன்னிரண்டு வருஷம் ஆனது. 2003 டிசம்பரில் நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட்ட பிறகுதான் காரியம் நகர்ந்தது. பல்கலைக்கழக மானியக் குழு எல்லாப் பட்டப்படிப்புக்கும் பொதுவாக ஒரு பாடத்திட்டம் கொடுத்தது. அதற்கான பாடநூலை எழுதியவர் புனேயைச் சேர்ந்த எரக் பரூச்சா. தொழிலால் அவர் அறுவை சிகிச்சை மருத்துவர் என்பது கூடுதல் சுவாரசியம்.

அந்தத் திட்டத்தில் மொத்தம் 50 மணி நேரம், எட்டு அலகுகள். எட்டாவது அலகு களப்பணி, அதற்கு 5 மணி. ஆனால் மதிப்பெண்ணில் எழுத்துத் தேர்வுக்கு 75, களப்பணிக்கு 25. பத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு நாலில் ஒரு பங்கு மார்க்! வகுத்தவர்கள் எதை முக்கியமாக நினைத்தார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். நடைமுறையில் அந்த 25 மார்க் பல இடங்களில் சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதினாலே கிடைத்துவிடுகிறது. அழகான அட்டை, பிளாஸ்டிக் உறை, உள்ளே எந்த ஊருக்கும் பொருந்துகிற ஒரு குளம்.

நாங்கள் இரண்டு மூன்று ஆசிரியர்கள் பேசி, அந்த 5 மணியை வேறு மாதிரி வைத்துக்கொண்டோம். ஏரிக்கரைக்குப் போவது ஒரு நாள், திரும்பி வந்து வட்டமாக உட்கார்ந்து பேசுவது மீதி நாட்கள். இது ஒன்றும் புதுமையில்லை. 1965-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வியட்நாம் போரைப் பற்றி ஆசிரியரும் மாணவரும் இரவு முழுக்க உட்கார்ந்து விவாதித்தார்கள். அந்த முறையைச் சுற்றுச்சூழலுக்கும் கொண்டுவரலாம் என்று செனட்டர் கேலார்ட் நெல்சன் நினைத்ததன் விளைவுதான் 1970 ஏப்ரல் 22-இன் முதல் பூமி தினம். ஆக, இந்தப் பாடத்தின் பூர்வீகத்திலேயே விவாதம் இருக்கிறது.

எங்கள் வகுப்பில் ஒரே ஒரு நிபந்தனை. பேச வருகிறவர் வீட்டில் கேட்டு ஒரு எண் கொண்டுவர வேண்டும். தாத்தா வெட்டிய கிணறு எத்தனை அடி, இப்போது போர் எத்தனை அடி, எந்த வருஷம். எண் இல்லாமல் வந்தால் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கலாம்.

கிணறு என்று ஏன் ஆரம்பித்தோம் என்றால், நெய்வேலியின் கதையே கிணற்றில்தான் ஆரம்பிக்கிறது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது. 1956-இல் நிறுவனம் உருவானது. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962-இல் சோவியத் உதவியுடன் மின்சாரம். இந்தத் தேதிகள் இப்பகுதிப் பிள்ளைகளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் நிலக்கரிப் படுகைக்கு அடியில் ஊற்றுநீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது, அதை இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்து வெள்ளமாகிவிடும், அதனால் பம்புகள் இரவு பகலாக ஓடவேண்டும் என்பது பலருக்கும் புதுச் செய்தி.

விவாதம் சூடு பிடிப்பது அங்கேதான். டவுன்ஷிப் பிளாக்கில் வளர்ந்த பையன், "கரண்ட் வேணாமா? அஞ்சாறு மாநிலத்துக்குப் போகுது" என்பான். கத்தாழைப் பக்கத்துப் பெண், தன் வீட்டுக் கிணறு எப்போது வற்றியது என்று வருஷத்தோடு சொல்வாள். இத்தோடு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும் என்று நினைத்தால், குறிஞ்சிப்பாடிப் பக்கத்து மாணவன் எழுந்து, "சார், சுரங்கத் தண்ணி பரவனாத்துல வந்தாத்தான் எங்க பெருமாள் ஏரி ரொம்புது, ரெண்டாம் போகம் அதனாலதான்" என்பான். ஒருவர் கிணற்றிலிருந்து போன நீர் இன்னொருவர் வயலில் பாய்கிறது! அதே நீரோடு வரும் வண்டலும் சாம்பலும் வாலாஜா ஏரியைத் தூர்த்தது என்று அடுத்தவன் சொல்வான். பரூச்சாவின் புத்தகத்தில் இந்தப் பக்கம் இல்லை. இருக்கவும் முடியாது.

2020-இல் அந்த முதல் அனல்மின் நிலையம் நிறுத்தப்பட்டபோது ஒரு மாணவி கேட்டாள்: "ஒருநாள் சுரங்கமும் மூடிட்டா, பம்பு நின்னுடும். அப்ப ஏரிக்கு யாரு தண்ணி விடுவா?" யாராலும் பதில் சொல்ல முடியவில்லை, எங்களையும் சேர்த்து. அன்று மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

2023 ஜூலையில் வளையமாதேவியில் பரவனாற்றுக் கால்வாய்க்காகக் கதிர் வந்த நெல்லின்மேல் இயந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே எடுக்கப்பட்டது என்றது நிறுவனம். அறுவடை வரை பொறுக்க முடியாதா என்று உயர் நீதிமன்றமே கேட்டது. அடுத்த வார வகுப்பில் நான் பயந்ததுபோல் சண்டை வரவில்லை. இயந்திரம் ஓட்டுகிற அப்பாவின் பிள்ளையும், பயிர் போன வீட்டுப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, நிலம் எடுத்த வருஷத்தையும் பணம் கைக்கு வந்த வருஷத்தையும் கரும்பலகையில் எழுதிப் பார்த்தார்கள். 1867-இல் வள்ளலார் மூட்டிய தருமசாலை அடுப்பு அணையாமல் எரிகிற ஊரின் பிள்ளைகள். வயலும் சோறும் அவர்களுக்குப் புத்தக விஷயமல்ல.

இன்று அந்த ஐந்து மணி நேரமும் பெரும்பாலும் தேர்வுக்கான கேள்வி பதிலுக்கே போய்விடுகிறது. இதைவிட எனக்கு வருத்தம் தருவது அந்த நோட்டுகளின் கதி. ஒவ்வோர் ஆண்டும் தேர்வு முடிந்ததும் அவை பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன. எங்கள் மாணவர்கள் எழுதிய கிணற்று ஆழங்கள், ஊர்வாரியாக, ஆண்டுவாரியாக, நான் ஒரு டிரங்குப் பெட்டியில் வைத்திருப்பவை போக, மீதி எங்கே என்று தெரியாது. நம் கல்லூரியில் பிறகு இந்தத் தாளைப் படித்தவர்கள் யாரேனும் வீட்டுப் பரணில் தங்கள் களப்பணி நோட்டைப் போட்டு வைத்திருந்தால், விழாவுக்கு வரும்போது கையோடு எடுத்து வாருங்கள். கிணறு பற்றிய பக்கம் மட்டும் போதும். ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு அன்றைக்கே திருப்பித் தந்துவிடுகிறேன்.