விஷ மரத்திலிருந்து வந்த மாத்திரை

ராஜபாளையத்து நூற்பாலைக்குள் பீடி பற்றவைக்க முடியாது. பஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு பொறி போதும். ஷிப்ட் முடிந்து கேட்டைத் தாண்டியதும் பெட்டிக்கடையில் தொங்கும் கயிற்று நெருப்பில் குனிந்து பற்றவைப்பவரைப் பார்த்து, "எட்டு மணி நேரம் இருக்க முடியுதுல்ல, அப்படியே விட்டுற வேண்டியதுதானே" என்று வீட்டில் கேட்பார்கள். ரத்தத்தில் ஏறிய நிகோடின் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். எட்டு மணி நேரம் கழித்து மிஞ்சுவது பதினாறில் ஒரு பங்கு. கேட்டுக்கு வெளியே இழுக்கிற அந்த முதல் இழுப்பு சுகத்துக்காக அல்ல, மூளை கேட்கிற பாக்கியை அடைப்பதற்காக. அதை மன உறுதிக் குறைவு என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அந்தப் பாக்கியைப் பாதி மட்டும் அடைக்கிற மாத்திரை ஒன்று இருக்கிறது. பெயர் வரெனிக்ளின். அது பிறந்த கதை ஐரோப்பாவின் லேபர்னம் மரத்தில் தொடங்குகிறது.

செண்பகத்தோப்புப் பக்கம் கோடையில் பூக்கும் சரக்கொன்றையைப் பார்த்தவர்கள் லேபர்னத்தை எளிதாகக் கற்பனை செய்துகொள்ளலாம். அதே மஞ்சள், அதே சரம் சரமான பூ. ஆனால் ஒற்றுமை தோற்றத்தோடு சரி. லேபர்னத்தின் விதையிலும் இலையிலும் சைட்டிசின் என்ற நஞ்சு உண்டு. கொன்றையில் அது கிடையாது. கொன்றை இலையை யாரும் மருந்தென்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

சைட்டிசின் உடம்பில் நிகோடினைப் போலவே வேலை செய்கிறது என்பதை 1912-லேயே இங்கிலாந்தில் டேலும் லெய்ட்லாவும் எழுதிவிட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் புகையிலை கிடைக்காத சிப்பாய்கள் லேபர்னம் இலையைச் சுருட்டிப் புகைத்தார்கள். பல்கேரியாவில் அந்த நஞ்சை அளந்து மாத்திரையாக்கினார்கள்: சோஃபார்மா நிறுவனத்தின் டேபெக்ஸ், 1964. இருபத்தைந்து நாள் சாப்பிட வேண்டிய, மலிவான மருந்து. கிழக்கு ஐரோப்பாவில் பல ஆண்டுகள் புழங்கியும் மேற்கில் பெரும்பாலோர் அதைக் கண்டுகொள்ளவில்லை. வார்சாவில் 740 பேரிடம் நடந்த முறையான சோதனை 2011-இல்தான் வெளியானது. ஓராண்டு புகைக்காமல் இருந்தவர்கள் மருந்து எடுத்தவர்களில் 8.4 சதவீதம், போலி மாத்திரை எடுத்தவர்களில் 2.4. இவ்வளவு மலிவான ஒன்றுக்கு இத்தனை தாமதம் என்பது மனதை உறுத்துகிறது.

அதற்கு முன்பே, 1990-களில், அமெரிக்காவின் ஃபைசர் நிறுவனத்தில் ஜோதம் கோ தலைமையிலான வேதியியலாளர்கள் சைட்டிசினின் அமைப்பை முன்மாதிரியாக வைத்து வரெனிக்ளின் என்ற புதிய மூலக்கூறை உருவாக்கியிருந்தார்கள். நிகோடின் மூளையில் போய் உட்காரும் இடத்தில் இதுவும் உட்காரும். சாவி பாதி திரும்பிப் பூட்டிலேயே நிற்பது போல. பாதி திரும்பியதால் ஏக்கம் தணிகிறது. பூட்டை அடைத்து நிற்பதால், நடுவில் ஒரு சிகரெட் பிடித்தாலும் பழைய கிறக்கம் வருவதில்லை. 2006 மே மாதம் அமெரிக்கா இதற்கு அனுமதி கொடுத்தது.

பக்கவிளைவுகளும் நிகோடினோடு உள்ள இந்த உறவிலிருந்து வருபவைதான். புதிதாகப் பீடி பிடிப்பவனுக்குக் குமட்டுமே, இந்த மாத்திரையிலும் பத்தில் மூன்று பேருக்குக் குமட்டல் உண்டு. தூக்கம் கெடும், கனவுகள் நிஜம் போல வரும். காலையில் வெறும் வயிற்றில் ஒரு டீயோடு விழுங்கினால் குமட்டல் கூடும். இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு போட வேண்டும். முதல் மூன்று நாள் அரை மில்லிகிராம் ஒரு வேளை, அடுத்த நான்கு நாள் இரு வேளை, எட்டாம் நாளிலிருந்து ஒரு மில்லிகிராம் இரு வேளை, மொத்தம் 12 வாரம் என்று படிப்படியாக ஏற்றுவதும் குமட்டலைக் குறைக்கத்தான். நைட் ஷிப்ட் பார்ப்பவர் அதை டாக்டரிடம் சொல்லி, தூங்கும் நேரத்துக்கு ஏற்ப வேளையை மாற்றிக் கேட்கலாம்.

இன்னொரு மாத்திரையான புப்ரோபியான் மனச்சோர்வுக்கு வந்தது. அதைச் சாப்பிட்டவர்கள் தாமாகவே சிகரெட்டை விடுவதைக் கலிபோர்னியாவில் லிண்டா ஃபெர்ரி என்ற மருத்துவர் கவனித்தார்; 1997-இல் அது புகையை விடுவதற்கான மருந்தாகவும் ஆனது. வலிப்பு உள்ளவர்களுக்கு அது ஆகாது.

2009-இல் இரண்டு மருந்துக்கும் அமெரிக்காவில் கறுப்புக் கட்டமிட்ட எச்சரிக்கை வந்தது: மனம் கலங்கலாம், தற்கொலை எண்ணம் வரலாம் என்று. அதைச் சோதிக்க 8,144 பேரிடம் நடந்த ஆய்வு 2016-இல் வெளியானது. மனநலச் சிக்கல் உள்ளவர்களில் போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் அதே தொல்லைகள் வந்திருந்தன. மருந்தால் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. புகையை விடும்போதே எரிச்சலும் பதற்றமும் வரும் என்பதைப் பலரும் மறந்திருந்தார்கள். அந்த டிசம்பரில் கட்டம் நீக்கப்பட்டது. இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் மாத்திரைக்குப் பயந்து சிகரெட்டோடு இருந்துவிட்டவர்களை நினைத்தால்தான் எனக்கு வருத்தம். அதற்காக மனம் மாறுவதைக் கவனிக்காமல் விடச் சொல்லவில்லை. கலக்கம் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். சிறுநீரகக் கோளாறையும் பழைய மனநோயையும் மாத்திரை எழுதும் முன்பே அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

2021-இல் ஃபைசரின் வரெனிக்ளின் மாத்திரைகளில் நைட்ரோசமீன் என்ற மாசு அளவுக்கு மேல் இருந்ததால் எல்லாவற்றையும் திரும்பப் பெற்றார்கள். அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம் வரெனிக்ளினையும் புப்ரோபியானையும் இன்றியமையாத மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. நம்மூரில் இரண்டுக்கும் டாக்டர் சீட்டு வேண்டும். ஆலோசனைக்கு 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண் உண்டு; 2018-லிருந்து சிகரெட், பீடி பாக்கெட்டுகளின் மேலேயே அச்சாகிறது.