அன்சி ஏரியைக் காப்பாற்றிய சாக்கடைக் குழாய்

ஆல்ப்ஸ் மலை ஏரி என்றதும் நமக்கு ஞாபகம் வருவது சினிமா டூயட்தான். நீலத் தண்ணீர், பின்னால் பனி மலை. பிரான்சில், ஜெனீவாவுக்குத் தெற்கே இருக்கும் அன்சி ஏரியும் பார்க்க அப்படியேதான் இருக்கும். கோடை வந்தால் கரை முழுக்க நீச்சல்காரர்கள், நடுவில் பாய்மரப் படகுகள், துடுப்புப் படகுகள். ஆனால் ஒரு காலத்தில் இந்த ஏரி செத்துப்போகிற நிலைக்கு வந்தது என்பது நிறையப் பேருக்குத் தெரியாது.

முதலில் கொஞ்சம் பூகோளம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 447 மீட்டர் உயரம். நீளம் ஏறக்குறைய 14 கிலோமீட்டர், அதிகபட்ச ஆழம் 80 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அன்சி நகரம் குடிப்பதும் இந்தத் தண்ணீரைத்தான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஊர் வளர்ந்தது, சுற்றுலாவும் வளர்ந்தது. கரையில் இருந்த வீடுகள், ஹோட்டல்களின் கழிவுநீர் எல்லாம் ஏரிக்குத்தான் போனது. கழிவில் இருக்கும் பாஸ்பரஸ் பாசிக்கு நல்ல உரம். பாசி பெருகும், பிறகு செத்து அடியில் போய் மக்கும். அப்படி மக்கும்போது ஆழத்தில் இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். குளிர்ந்த, சுத்தமான தண்ணீரில் வாழும் மீன்களுக்கு அதோடு கதை முடிந்தது.

இதைப் பார்த்து முதலில் சத்தம் போட்டவர்களில் ஒருவர் பால் லூயி செர்வெத்தாஸ் என்ற டாக்டர். அன்சி மேயர் ஷார்ல் போசோன் (1954 முதல் 1975 வரை பதவியில் இருந்தவர்) அதைக் காதில் வாங்கிக்கொண்டார். 1957-ல் கரையோர ஊர்கள் எட்டு சேர்ந்து ஒரு கூட்டமைப்பு ஆரம்பித்தன.

அவர்கள் கண்டுபிடித்த வழி ரொம்ப சிம்பிள். ஏரியைச் சுற்றி ஒரு பெரிய குழாய். எல்லாக் கழிவுநீரும் அதில் விழ வேண்டும். ஏரித் தண்ணீர் வெளியேறும் இடத்தையும் தாண்டிக் கீழே கொண்டுபோய், அங்கே சுத்திகரிக்க வேண்டும். சொல்வது சுலபம், 1960களின் தொடக்கத்தில் ஆரம்பித்த வேலை முடிய 1970களின் நடுப்பகுதி ஆகிவிட்டது!

காமர்ஸ் படிக்கிற எனக்கு இதில் பிடித்த விஷயம் கணக்குதான். ஒரு ஹோட்டல்காரர் கழிவை ஏரியில் விட்டால் அவருக்குச் செலவு இல்லை. நஷ்டம் மீன்பிடிக்கிறவருக்கும், நீந்துகிறவருக்கும், தண்ணீர் குடிக்கிறவருக்கும். வகுப்பில் இதைப் புறவிளைவு என்று படிக்கிறோம். ஒரு ஊர் மட்டும் குழாய் போட்டால் பக்கத்து ஊர்க் கழிவு வந்துகொண்டேதான் இருக்கும். அதனால்தான் எல்லா ஊரும் ஒரே பையிலிருந்து செலவு செய்ய வேண்டியிருந்தது. அதுவும் கண்ணுக்கே தெரியாத, திறப்பு விழாவில் காட்டிப் பெருமைப்பட முடியாத ஒரு குழாய்க்கு!

பக்கத்தில் இருக்கும் பூர்ஷே ஏரியையும் பாருங்கள். அங்கேயும் இதே வியாதி. ஆனால் சாம்பெரி, எக்ஸ்-லே-பான் நகரங்களின் கழிவுநீரைச் சுத்திகரித்து, மலையைக் குடைந்து ரோன் நதிக்குக் கொண்டுபோகும் சுரங்கம் 1980-ல்தான் திறந்தது.

அன்சி ஏரியை இன்றைக்கு ஐரோப்பாவின் மிகச் சுத்தமான ஏரிகளில் ஒன்றாகச் சொல்லி விளம்பரம் செய்கிறார்கள். அந்த விளம்பரத்தால் ஹோட்டல்களுக்கு வருகிற வருமானத்தில், 1957-ல் எட்டு ஊர்களும் சேர்ந்து எடுத்த முடிவுக்கும் ஒரு பங்கு உண்டு.