"ஒப்புக்கொண்டானாமே!": ஒரு சொல்லின் சட்ட வரலாறு



சென்ற ஆண்டு ரமழானுக்குச் சில வாரங்களுக்கு முன், அஸர் தொழுகை முடிந்த வேளையில் ஒரு தாய் மத்ரஸா வாசலில் வந்து நின்றார். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆலைக்கு வேலைக்குச் செல்பவர். அவருடைய மகன் சிறுவயதில் என்னிடம் ஓதியவன். லாரியில் கிளீனராகச் சென்றவன், அந்த வண்டியில் கஞ்சா மூட்டைகள் பிடிபட்டதால் கைதாகி, மதுரைச் சிறப்பு நீதிமன்றத்தில் பத்தாண்டுத் தண்டனை பெற்றிருந்தான்.

"அவங்க வாப்பா அப்பீல் வேண்டாம்னு சொல்றாங்க, ஹஸ்ரத். அவனே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுட்டான், இனி எந்த முகத்தோட கோர்ட்டு வாசல்ல நிக்கிறதுன்னு கேக்குறாங்க" என்றார்.

மஹல்லாவிலும் அதே பேச்சுத்தான். "ஒப்புக்கொண்டானாமே!" என்ற ஒரு சொல்லோடு எல்லாரும் வழக்கை முடித்துவிட்டார்கள். அந்தச் சொல்லுக்கு இந்த மண்ணில் ஒரு நீண்ட வரலாறு இருப்பதை அன்றிரவு புத்தகங்களைப் புரட்டியபோதுதான் நானும் முழுமையாக உணர்ந்தேன்.

போதை ஹராம் என்பதில் நமக்குள் விவாதமே இல்லை. மதுவோடு நில்லாமல் கஞ்சா இலையையும் அதே தடையின் கீழ் கொண்டுவந்து இமாம் இப்னு தைமிய்யா எழுதியது எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பு. எனவே நான் கஞ்சா வியாபாரிகளுக்காக வாதாட வரவில்லை. ஒருவர் குற்றவாளி என்பது எவ்வாறு நிறுவப்பட வேண்டும் என்பது வேறொரு கேள்வி.

கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் கோவில்பட்டி வட்டாரம் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. சென்னை மாகாணத்தில் அன்று தாசில்தாரே நிலவரி வசூலிப்பவர். காவல் அதிகாரமும் அவர் கையில்தான். 1816ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டங்கள் இவ்விரண்டு அதிகாரங்களையும் ஒரே ஆளிடம் சேர்த்திருந்தன. விளைவு என்னவாயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வரி கட்ட முடியாத விவசாயிக்கும் திருட்டுச் சந்தேகத்தில் பிடிபட்டவனுக்கும் ஒரே சித்திரவதைதான். விரல்களை மரக்கட்டைகளுக்கிடையே வைத்து நெரிப்பது கிட்டி. உடலை வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்துவது அண்ணந்தாள். 1854இல் இது பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை பேசப்பட்டு, சென்னையில் மூவர் கொண்ட விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகியோர் அதன் உறுப்பினர்கள். சில மாதங்களுக்குள் குழுவிடம் வந்த முறையீடுகள் 1,900க்கும் மேல். வரி வசூலுக்காகவும் ஒப்புதல் பெறுவதற்காகவும் சித்திரவதை நடப்பது உண்மையே என்று 1855இல் அக்குழு அறிக்கை தந்தது. ரயில் இல்லாத காலத்தில், தொலைதூரத்திலிருந்து சென்னைக்கு நடந்தே வந்து முறையிட்டவர்களும் உண்டு. படித்தபோது என்னை அதிகம் நிறுத்தி வைத்தது இதுதான்.

1859இல் சென்னை மாகாணத்தில் வரித்துறையிலிருந்து காவல்துறை பிரிக்கப்பட்டது. 1861இன் குற்றவியல் நடைமுறைச் சட்டம், போலீஸ் அதிகாரியிடம் செய்யப்படும் ஒப்புதலை நீதிமன்றத்தில் சான்றாக்கக் கூடாது என்றது. அதுவே 1872இன் சாட்சியச் சட்டத்தில் 25ஆம் பிரிவாயிற்று. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்திலும் 23ஆம் பிரிவாக அந்த விதி தொடர்கிறது. அடித்து வாங்கியதா, தானாகச் சொன்னதா என்று சட்டம் ஆராய்வதுகூட இல்லை. போலீசிடம் சொன்னது என்றாலே ஒதுக்கிவிடுகிறது.

இந்த மதிலில் ஒரு விரிசல் விழுந்தது 1985இல். அவ்வாண்டு நவம்பர் 14 முதல் நடைமுறைக்கு வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் மிகக் கடுமையானது. 2001இன் திருத்தத்துக்குப் பிறகு அளவுக்கேற்பத் தண்டனை வகுக்கப்பட்டது. கஞ்சாவில் 20 கிலோவும் ஹெராயினில் 250 கிராமும் வணிக அளவு. அதற்குக் குறைந்தபட்சமே பத்தாண்டுச் சிறை, ஒரு லட்சம் ரூபாய் அபராதம். பொருள் கைவசம் இருந்தது என்று நிறுவப்பட்டால், குற்றமனம் இல்லை என்பதைக் குற்றம் சாட்டப்பட்டவரே மெய்ப்பிக்க வேண்டும். அதே சட்டத்தின் 67ஆம் பிரிவு, அதிகாரிகள் எவரையும் அழைத்துத் தகவல் கேட்கலாம் என்கிறது. அவ்வாறு எழுதி வாங்கிய வாக்குமூலங்களே பல வழக்குகளில் தண்டனைக்கு அடிப்படையாயின. சுங்கத்துறையோ என்.சி.பி.யோ போலீஸ் அல்ல, ஆகவே 25ஆம் பிரிவு பொருந்தாது என்பது வாதம். உச்ச நீதிமன்றமும் 1990இலும் 2008இலும் இவ்வாதத்தை ஏற்றது.

ஆனால் அதே 2008இல் நூர் ஆகா வழக்கில் வேறொரு குரல் கேட்டது. திராட்சைப் பெட்டியில் ஹெராயின் கொண்டுவந்ததாக அமிர்தசரஸ் விமான நிலையத்தில் 1997இல் கைதான ஆப்கானியர் அவர். விசாரணை நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் தண்டித்தன. கைப்பற்றியதாகச் சொன்ன பொருளைக்கூட முறையாக நீதிமன்றத்தில் காட்டாததையும், வாக்குமூலம் பெறப்பட்ட சூழலையும் கண்டு உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது.

அடுத்தது நம் மாநிலத்திலிருந்தே சென்ற தோஃபான் சிங் வழக்கு. 2004இல் ஹெராயின் வழக்கில் என்.சி.பி.யால் கைதானவர். சென்னைச் சிறப்பு நீதிமன்றம் பத்தாண்டுத் தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. தமக்கெதிராக இருப்பது 67ஆம் பிரிவு வாக்குமூலமே என்று உச்ச நீதிமன்றத்தில் வாதிட்டார். 2013இல் அது கூடுதல் நீதிபதிகள் கொண்ட அமர்வுக்கு அனுப்பப்பட்டது. அதற்குள் அவர் ஒன்பது ஆண்டுகளைச் சிறையில் கழித்துவிட்டார். 2020 அக்டோபர் 29 அன்று இருவருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது. நீதிபதி இந்திரா பானர்ஜி மாறுபட்டார். நீதிபதிகள் நாரிமனும் நவீன் சின்ஹாவும், விசாரணை அதிகாரம் பெற்ற இவ்வதிகாரிகளும் 25ஆம் பிரிவின் பொருளில் போலீஸ் அதிகாரிகளே என்றும், 67ஆம் பிரிவு வாக்குமூலத்தை ஒப்புதலாகக் கொண்டு தண்டிக்க முடியாது என்றும் முடிவு செய்தனர். காக்கி அணிந்திருக்கிறாரா என்பதல்ல, கையில் இருக்கும் அதிகாரம் எத்தகையது என்பதே கேள்வி. தாசில்தாரும் காக்கி அணிந்தவர் அல்லர்.

இதைக் கேட்டதும் எல்லாரும் விடுதலையாகிவிடலாம் என்று எண்ணிவிட வேண்டாம். பையிலிருந்து பொருள் கைப்பற்றப்பட்டு, சாட்சிகளும் முத்திரையும் ஆய்வக அறிக்கையும் ஒழுங்காக இருந்தால், வாக்குமூலம் விழுந்தாலும் வழக்கு நிற்கும்.

நம் மார்க்க அறிஞர்களும் இதில் அலட்சியமாக இருந்ததில்லை. தாமாகவே வந்து தம் குற்றத்தைச் சொன்ன மாயிஸ் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் திரும்பத் திரும்ப முகம் திருப்பி அனுப்பியதையும், அவர் சுயநினைவோடு இருக்கிறாரா என விசாரித்ததையும் ஹதீஸ் நூல்களில் ஓதுகிறோம். கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காக இமாம் அபூயூசுஃப் எழுதிய கிதாபுல் கராஜ், அடித்து வாங்கிய ஒப்புதலைக் கொண்டு தண்டனை கூடாது என்கிறது. பிள்ளைகளுக்கு இவற்றை ஓதிக்கொடுக்கும் நாமே, தெருவில் ஒருவனைப் பற்றிப் பேசும்போது மட்டும் மறந்துவிடுகிறோம்.

அந்தத் தாயிடம் தீர்ப்பின் நகலைக் கேட்டு வாங்கி ஒரு வழக்கறிஞரிடம் காட்டினேன். நகல் குற்றவாளிக்கு இலவசமாகவே தரப்படும். அது அவருடைய பெட்டியில் துணிகளுக்கடியில் கிடந்தது. வழக்கறிஞர் படித்துவிட்டுச் சொன்னது, ஊர் பேசிய வாக்குமூலத்தைப் பற்றியே அல்ல. மூட்டைகளில் இருப்பது என்னவென்று கிளீனருக்குத் தெரியுமா என்பதற்குத் தீர்ப்பில் இருப்பது இரண்டே பத்தி என்றார். உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 60 நாள் அவகாசம். 41 நாள் கழிந்திருந்தது. தாமதமானாலும் தக்க காரணம் காட்டி மன்னிப்புக் கோரலாம், ஆனால் அந்த நிலைக்கு ஏன் போக வேண்டும்? சிறையிலிருப்பவருக்கு வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு என்பதும், சிறைக் கண்காணிப்பாளர் வழியாகவே மேல்முறையீட்டு மனுவை அனுப்பலாம் என்பதும் நம் வீடுகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மதுரைக் கிளைக்குப் புறப்பட்ட அன்று ஃபஜ்ர் முடிந்து பேருந்து நிலையத்துக்குப் போனேன். அந்தத் தாய்க்கு முன்பே அங்கே பையனின் வாப்பா நின்றுகொண்டிருந்தார். வழியெல்லாம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. தீர்ப்பு நகல் இருந்த பையை மட்டும் மடியிலேயே வைத்திருந்தார். 52ஆம் நாள் மனு தாக்கலாகி, எண் கிடைத்துவிட்டது. விசாரணைக்கு இன்னும் வரவில்லை.