காவிரிப் படுகையின் துப்பறியும் புனைவும் முதல் நாவலுக்கான பரிசும்

துப்பறியும் நாவலில் முதன்முதலாக அடியெடுத்து வைப்போருக்கெனத் தனிப்பரிசு வழங்கும் வழக்கம் மேலைநாடுகளில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் வேரூன்றியது. 1945இல் தோன்றிய அமெரிக்க மர்மக்கதை எழுத்தாளர் சங்கம் மறு ஆண்டிலேயே எட்கர் ஆலன் போ பெயரிலான விருதைச் சிறந்த முதல் நாவலுக்காக ஜூலியஸ் ஃபாஸ்ட்டுக்கு அளித்தது. பிரிட்டனில் ஜான் கிரீசியின் நினைவாக 1973இல் இத்தகைய பரிசு தொடங்கியது. தமிழிலோ இவ்வகைப் புனைவு 1894இல் வெளிவந்த பண்டித நடேச சாஸ்திரியின் தானவன் கதைகளிலிருந்தே தொடங்குகிறது. எனினும் அறிமுக எழுத்தாளருக்கான பரிசு என்பது இங்கு நிலைபெற்ற மரபாக வளரவில்லை. வெகுசன எழுத்தின்மீது திறனாய்வாளர் கொண்ட ஏளனமே இதற்குக் காரணம் என்று கூறிவிடுவது எளிது. தஞ்சை வட்டாரத்து எழுத்தாளர்களின் வரலாறு வேறொரு காரணத்தையும் காட்டுகிறது.

மன்னார்குடிக்கு அருகிலுள்ள வடுவூரில் பிறந்த துரைசாமி ஐயங்கார் (1880–1942) வருவாய்த் துறைப் பணியிலிருந்து எழுத்துக்கு வந்தவர். 'மேனகா', 'கும்பகோணம் வக்கீல்' முதலியவை அவருக்குப் பெரும் வாசகர் கூட்டத்தைத் தேடித் தந்தன. ரெயினால்ட்ஸ் போன்ற ஆங்கில எழுத்தாளரின் கதையமைப்பை அவர் தழுவினார் என்பது பலரும் அறிந்ததே; அத்தழுவல் எந்த மண்ணில் ஊன்றப்பட்டது என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. நன்செய் நிலமும் மிராசு உரிமையும் வாரிசுப் பூசலும் மிகுந்த நாட்டில் வக்கீலும் குமாஸ்தாவும் வாசகர் அன்றாடம் காணும் மனிதர்கள். கும்பகோணம் என்னும் ஊர்ப்பெயரை வக்கீலோடு சேர்த்துத் தலைப்பாக்கியதே அந்நாவலுக்குப் பாதி விளம்பரம் எனலாம். ஐயங்காரின் திகம்பர சாமியார் மேலைநாட்டுத் துப்பறிவாளரின் வேலையைச் சாமியார் கோலத்தில் செய்பவர். மாற்று வேடம் பழகிய நாடக மேடைக்கும் பின்னர்த் திரைக்கும் அப்பாத்திரம் எளிதாகப் பொருந்தியது. 'மேனகா' 1935லும் 'திகம்பர சாமியார்' 1950லும் திரைப்படங்களாயின. அக்காலத்தில் ஓர் எழுத்தாளரின் தகுதியை உறுதிசெய்தது நடுவர் குழுவன்று. மறுபதிப்பும் மேடையும் திரையுமே.

பரிசு என்னும் முறையைத் தமிழ் இதழுலகம் அறியாமலும் இல்லை. 1940களில் கலைமகள் நடத்திய நாராயணசாமி ஐயர் நினைவு நாவல் போட்டியில் அகிலனின் 'பெண்' பரிசு பெற்றது. 1966இல் கல்கி வெள்ளிவிழா நாவல் போட்டியில் உமாசந்திரனின் 'முள்ளும் மலரும்' முதற்பரிசு பெற்றது. இவை சமூக, குடும்ப நாவல்கள். பரிசுக்குரிய நாவல் எத்தகையது என்னும் எதிர்பார்ப்பும் இவ்வழியிலேயே படிந்திருக்க வேண்டும்.

திருவிடைமருதூரில் பிறந்து கும்பகோணம் அரசுக் கல்லூரியில் பயின்ற தேவன் (1913–1957) இவ்வகையில் தெளிவான சான்று. அவர் எழுத்துலகில் நுழைந்த வாயில் போட்டியன்று. ஆனந்த விகடனுக்கு அனுப்பிய நகைச்சுவைக் கதை. பின்னர் அவ்விதழின் பொறுப்பாசிரியராகவே உயர்ந்தார். அசட்டுத்தனத்தாலேயே குற்றவாளியைப் பிடித்துவிடும் சாம்புவைப் படைத்து, துப்பறியும் வகையையே மெல்லக் கேலி செய்தார். 'ஜஸ்டிஸ் ஜகந்நாதன்' நாவலில் வழக்குமன்ற விசாரணையையே கதையின் முதுகெலும்பாக்கினார். ஆயினும் அவருடைய தொடர்களுள் பெரும்பாலானவை அவர் வாழ்நாளில் நூலாகவில்லை. நூலே இல்லாதபோது 'முதல் நூல்' என்று எதைக் கொண்டு பரிசளிப்பது? மயிலாடுதுறை அருகே புத்தமங்கலத்தில் பிறந்து, அதே விகடனில் தேவனுக்கு முன் பணியாற்றிய கல்கியின் 'அலை ஓசை'க்கு, அவர் மறைந்த பின் 1956இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. ஒரே ஆற்றுப் படுகையில் பிறந்து ஒரே அலுவலகத்தில் வளர்ந்த இருவருக்குமிடையே இவ்வளவு தொலைவு. இதனை இலக்கியத் தர வேறுபாடாக மட்டும் கொள்வது தேவனுக்கு நியாயம் செய்வதாகாது.

இந்நிலை பின்னரும் மாறவில்லை. திருவரங்கத்தில் வளர்ந்த சுஜாதாவின் 'நைலான் கயிறு' 1968இல் குமுதம் தொடராகவே வெளிவந்தது. பட்டுக்கோட்டை பிரபாகர் 1977இல் விகடன் சிறுகதை வழியாக நுழைந்து, மாத நாவல்களில் நிலைகொண்டார். மாத நாவல் நூலின் உருவம் கொண்டிருந்தாலும் விற்பனையில் அது இதழே. பேருந்து நிலையக் கடையில் அடுத்த வெளியீடு தொங்கியதும் முந்தையது பழைய தாள் ஆகிவிடும். விருதுக் குழுக்கள் ஆண்டுதோறும் திரட்டும் நூற்பட்டியலில் அதற்கு இடமில்லை. பல நூலகங்களின் அடுக்கிலும் அதே நிலைதான். 1946இன் சிறந்த முதல் துப்பறியும் நாவல் எது என்னும் வினாவுக்கு அமெரிக்க ஆய்வாளர் ஒரு பதிவேட்டைப் புரட்டி விடை காண்கிறார். தஞ்சை எழுத்தாளர் ஒருவரின் முதல் துப்பறியும் கதையைத் தேடுபவர் வார இதழ்களின் பழுப்பேறிய தொகுதிகளையும் தனியார் சேகரிப்புகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.