திரைக்குப் பின்னிருந்து எழுந்த மடல்கள்

சிற்பி கல்லை விட்டுச் செல்கிறான். புலவன் ஏட்டை விட்டுச் செல்கிறான். மேடையில் நின்றவனோ தன் குரலையும் மெய்ப்பாட்டையும் காற்றில் எழுதிவிட்டு மறைகிறான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடிகர் ஒருவரை இன்று நாம் அறிய வேண்டுமாயின், அக்காலத் திறனாய்வுகளும் அவர் முதுமையில் எழுதிய தன்வரலாறும் ஓரளவே துணை செய்யும். அவர் அன்றன்று எழுதிய கடிதங்களே நம்மை ஒப்பனை அறைக்குள் அழைத்துச் செல்லும்.

இதற்குச் சிறந்த சான்று, விக்டோரியா காலத்து ஆங்கில மேடையின் பேரரசியாக விளங்கிய எல்லன் டெரி (1847–1928) அம்மையாரும் நாடகாசிரியர் பெர்னார்ட் ஷாவும் எழுதிக்கொண்ட மடல்கள். 1892ஆம் ஆண்டில், பாடகியான தோழி ஒருத்தியின் திறம் பற்றிக் கருத்துக் கேட்டு அம்மையார் ஓர் இதழாசிரியருக்கு எழுதினார். அக்கடிதம் அவ்விதழின் இசைத் திறனாய்வாளராயிருந்த ஷாவின் கைக்குச் சென்றது. அவ்வாறு தொடங்கிய நட்பு பல ஆண்டுகள் முகம் காணாமல் தாளிலேயே வளர்ந்தது. ஒரே நகரில் வாழ்ந்தும், சந்தித்தால் அந்நட்பின் அழகு குலையும் என்று இருவரும் அஞ்சினர். கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் நமக்கு நினைவில் எழுவது இயல்பே.

1896 செப்டம்பரில் லைசியம் அரங்கில் ஷேக்ஸ்பியரின் ‘சிம்பலின்’ மேடையேறியது. இமோஜன் பாத்திரத்தை ஏற்ற டெரிக்கு வயது நாற்பத்தொன்பது. இளம்பெண்ணாக நடிப்பது குறித்த கலக்கமும் இருந்தது. துயில் நீங்கி எழும் இமோஜன், தலையற்ற உடலொன்றை அருகே காணும் காட்சியை எப்படி நடிப்பது, எந்த வரிகளை விட்டுவிடலாம் என்று ஷா விரிவாக எழுதினார். அம்மையார் சிலவற்றை ஏற்றார்; சிலவற்றை மறுத்தார். ஒரு பாத்திரம் உருவாகும் உலைக்களத்தை இவ்வளவு அணுக்கமாகக் காட்டும் ஆவணங்கள் அரியவை.

அந்நாளில் ஷா ‘சாட்டர்டே ரிவ்யூ’ இதழின் நாடகத் திறனாய்வாளர். தனிமடலில் நடிகைக்குப் பயிற்சி அளித்தவரே, அரங்கேற்றம் முடிந்ததும் அதே நாடகத்தைப் பொதுவில் மதிப்பிட்டார். நாடகத்தையும் அரங்கத் தலைவர் ஹென்றி இர்விங்கையும் கடுமையாகச் சாடினார். 1895இல் ஆங்கில நடிகருள் முதன்முதலாக ‘சர்’ பட்டம் பெற்றவர் இர்விங். டெரியின் நெடுங்காலக் கலைத்துணைவர். இருவருக்கும் இடையில் அம்மையார் பட்ட பாட்டை அச்சான திறனாய்வு சொல்லாது, மடலே சொல்லும்.

அம்மையார் மறைந்தபின், 1931இல் இம்மடல்கள் நூலாயின. அவருடைய மகனும் புகழ்பெற்ற அரங்கக் கலைஞருமான கோர்டன் கிரெய்க் இதனை வன்மையாக எதிர்த்தார். தாயின் அந்தரங்கம் சந்தைக்கு வந்ததென வருந்தி, அதே ஆண்டில் தாமும் ஒரு நூல் எழுதினார். மகனின் வருத்தத்தில் நியாயமில்லை என்று எவர் துணிந்து கூறுவார்? எனினும் அந்நூல் வெளிவராதிருப்பின், டெரி கூரிய அறிவும் நகைச்சுவையும் உடைய எழுத்தாளர் என்பதை உலகம் அறிந்திராது. உரிமைக்கும் வரலாற்றுக்கும் இடையே நிகழும் இவ்வழக்கிற்கு எளிய தீர்ப்பு இல்லை.

தமிழ் மேடைக்கு வருவோம். 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையை நிறுவிய பம்மல் சம்பந்த முதலியார் (1873–1964), அதே ‘சிம்பலின்’ நாடகத்தைச் ‘சிம்மளநாதன்’ எனத் தமிழாக்கினார். அவருடைய ‘நாடக மேடை நினைவுகள்’ நமக்குக் கிடைத்த பெருஞ்செல்வம். சங்கரதாஸ் சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே இரவில் எழுதி முடித்த செய்தியை அவர் மாணவர் டி. கே. சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’ வழியே அறிகிறோம். ஆயினும் நினைவுநூல் முடிவு தெரிந்தபின் எழுதப்படுவது. கடிதமோ நாளை என்ன நிகழும் என்று அறியாத கையினால் எழுதப்படுவது. அதனால்தான் அதன் நடுக்கம் மெய்யாக இருக்கிறது.

புதுமைப்பித்தன் தம் துணைவியாருக்கு எழுதிய மடல்கள் ‘கண்மணி கமலாவுக்கு’ என வெளிவந்தபோது நாம் உணர்ந்ததும் இதுவே. கதைகளில் எள்ளி நகைத்த அக்கை, வீட்டுக்கு எழுதுகையில் பணமுடைக்கும் பிரிவுக்கும் நடுவே தவிப்பதைக் கண்டோம். அதனால் அவர் பெருமை குறையவில்லை.

ஆடலைத் தன் பெயரிலேயே தாங்கிய ஆடலூரில் இருந்து இதனை எண்ணுகையில் ஒரு கடமை தோன்றுகிறது. பழனி மலையின் பனியும் மழை ஈரமும் காப்பிச் செடிக்கு நல்லவை, தாளுக்குப் பகை. பரண்மேல் கிடக்கும் ஒரு தகரப்பெட்டி நான்கு மழைக்காலம் கவனிப்பாரின்றிக் கிடந்தால், அதிலுள்ள மடல்களில் மை கலங்கிவிடும். எஞ்சியதைப் பூச்சி அரித்துவிடும். கூத்தாடியவரும் பா இயற்றியவரும் எழுதிய கடிதங்கள் நம் வீடுகளில் இருப்பின், அவற்றை உலர்த்தி, நாளிட்டு, படியெடுத்து வைப்போம். எழுதியவரோ அவர் வழியினரோ இசையும்வரை அச்சேற்றாது காப்போம். அச்சேற்றுவதற்குக் காலம் இருக்கிறது. கரையான் அரித்ததை மீட்கத்தான் வழியில்லை. பத்தாண்டு கண்ட நம் வட்டம் அடுத்த பத்தாண்டுக்கு ஏற்கத்தக்க பணிகளுள் இதுவும் ஒன்றாகுக.